நாலு ஸ்டார் ஆட்டோகேட்: வேலை தேடுவோர் கேள்வி – பதில்

ரெசுமே, இன்டர்வியூ, சம்பளப் பேச்சு பற்றிய சந்தேகங்களை எழுதச் சொல்லியிருந்தோம். பலர் தங்கள் ரெசுமேயையே இணைத்து அனுப்பிவிட்டார்கள். அதுவும் நல்லதாயிற்று, எங்கே இடிக்கிறது என்று நேரிலேயே பார்க்க முடிந்தது. ஆளெடுப்பு வேலையில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். ரெசுமே வரிகளை விளங்குவதற்காகத் தமிழில் தருகிறோம். அனுப்பும்போது ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

2024-இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். சிஜிபிஏ 7.4, அரியர் இல்லை. நௌக்ரி வேலைத் தளத்தில் 150 வேலைகளுக்கு மேல் விண்ணப்பித்தும் ஒரு போன்கூட வரவில்லை. கான்வாவில் செய்த ரெசுமேயை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு? – வாசகர், மதுரை

முதலில் ஒரு சோதனை. உங்கள் பிடிஎஃபைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நாங்கள் ஒட்டிப் பார்த்தோம். இடப்பக்க நீலப் பட்டையில் இருந்த போன் நம்பர் கடைசி வரிக்குப் போய்விட்டது. வரைபட மென்பொருள்களான சாலிட்வொர்க்ஸுக்கும் ஆட்டோகேடுக்கும் நடுவே கல்லூரிப் பெயர் வந்து உட்கார்ந்துகொண்டது. விண்ணப்பங்களை வடிகட்ட நிறுவனங்கள் வைத்திருக்கும் ஏடிஎஸ் மென்பொருளும் ஏறக்குறைய இப்படித்தான் படிக்கும். பக்கத்தை இரண்டாகப் பிரித்துப் போடும் பத்திகள், டேபிள், டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாம் அதைக் குழப்பும். போன் நம்பரை வேர்டின் ஹெடரில் போட்டாலும் சில மென்பொருள்களின் கண்ணில் படாது.

அப்புறம் அந்த ஸ்டார்கள். ஆட்டோகேடுக்கு நாலு ஸ்டார், 'டீம் ஒர்க்'குக்கு அஞ்சு. போட்டது யார்? நீங்களேதான். மென்பொருளுக்கு ஸ்டார் புரியாது, மனிதர்களுக்குச் சிரிப்பு வரும். எடுத்துவிடுங்கள்.

ஏ4 தாள், பக்கத்தைப் பிரிக்காமல் ஒரே பத்தி, சுற்றிலும் 2 செ.மீ. ஓரம், 10.5 அல்லது 11 பாயின்ட் எழுத்து, ஒரே பக்கம். பெயர், போன், மின்னஞ்சல், ஊர், இரண்டு வரியில் நீங்கள் யார், தெரிந்த மென்பொருள்கள், புராஜெக்ட், இன்டர்ன்ஷிப், கடைசியில் படிப்பு. 'சவாலான சூழலில் என் திறமையை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கு...' என்று தொடங்கும் நோக்கப் பத்தி, அடியில் 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழி, அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு: இவை போனாலே மூன்று பக்கம் ஒன்றரை ஆகிவிடும்.

மிச்சமாகும் இடத்தைப் புராஜெக்டுக்குக் கொடுங்கள். இப்போது 'சூரிய ஒளியில் இயங்கும் களையெடுப்பான், குழுத் திட்டம்' என்று ஒரே வரிதான் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்து செய்ததில் உங்கள் கை எங்கே பட்டது? இப்படி எழுதலாம், எண்கள் மட்டும் உங்களுடையவையாக இருக்கட்டும்: '24 வோல்ட், 250 வாட் மோட்டார். செயின் டிரைவ் வடிவமைப்பும் சாலிட்வொர்க்ஸ் அசெம்ப்ளியும் என் பொறுப்பு. எடையை 31 கிலோவிலிருந்து 24 கிலோவாகக் குறைத்தோம். ஈர மண்ணில் பிளேடு சிக்கியதால் பற்களின் இடைவெளியை அதிகமாக்கினோம்.' சிக்கல் வந்த வரியை மறைக்காதீர்கள். இன்டர்வியூவில் உங்களைப் பேச வைக்கப்போவது அதுதான்.

150 விண்ணப்பம் பற்றி: பட்டியலைப் பார்த்தால் டிசைன், குவாலிட்டி, சேல்ஸ், சாஃப்ட்வேர் டெஸ்டிங் எல்லாவற்றுக்கும் ஒரே ரெசுமே போயிருக்கிறது. இரண்டு துறையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு ரெசுமே தயார் செய்யுங்கள். நௌக்ரியில் 'ஹெட்லைன்' என்ற இடத்தில் 'வேலை தேடும் ஃபிரெஷர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஆள் தேடுபவர் 'சாலிட்வொர்க்ஸ்' என்றுதான் தட்டுவார், 'ஃபிரெஷர்' என்று தட்டினால் கடல் மாதிரி வரும். படிப்பு, ஆண்டு, மென்பொருள், வேண்டிய பதவி நான்கும் அந்த வரியில் இருக்கட்டும். சமீபத்தில் புதுப்பித்த கணக்குகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி அவர்களுக்கு உண்டு. வாரம் ஒருமுறை உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைத் திருத்திச் சேமியுங்கள்.

தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டமான 'நாட்ஸ்' தளத்திலும் பதிந்து வையுங்கள். தெற்கு மாநிலங்களுக்கு அதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள வாரியம். ஓராண்டுப் பயிற்சி, மாத உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். அனுபவம் கேட்கும் இடத்தில் அந்த ஓராண்டு பேசும்.

ஐ.டி.ஐ. டர்னர் முடிச்சு ஏழு வருசமா கணபதியில ஒரு ஜாப் ஒர்க் கம்பெனியில சிஎன்சி மெஷின் ஓட்டறனுங்க. ஓசூர்ப் பக்கம் போலாம்னு இருக்கேன். 'ரெசுமே அனுப்பு'ங்கறாங்க. நமக்கெல்லாம் அது வேணுங்களா? – வாசகர், கோவை

வேணுங்க. ஆனால் ஜெராக்ஸ் கடையில் போட்டுத் தந்த இந்த இரண்டு பக்கம் வேண்டாம். அதில் அப்பா பெயர் இருக்கிறது, ரத்த வகை இருக்கிறது, 'ஹாபி: கிரிக்கெட்' இருக்கிறது. ஏழு வருட வேலைக்கு மட்டும் 'சிஎன்சி ஆபரேட்டர்' என்று ஒரே வரி.

ஓசூரில் உங்கள் தாளைப் பார்க்கப்போவது புரொடக்‌ஷன் சூப்பர்வைசர். அவர் தேடுவது: என்ன மெஷின், என்ன கன்ட்ரோலர், என்ன மெட்டீரியல், எவ்வளவு டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்), மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் தெரியுமா அல்லது பொருளை மாட்டி எடுக்கும் லோடிங் மட்டுமா. கடைசிக் கேள்வியில்தான் சம்பளமே பிரிகிறது. எனவே இப்படி:

'சிஎன்சி டர்னிங் சென்டர், ஃபேனக் கன்ட்ரோலர், 7 வருடம். இரண்டு மெஷின் ஒரே நேரத்தில்.
பம்ப் ஷாஃப்ட், புஷ். இஎன்8, எஸ்.எஸ். 410. டாலரன்ஸ் 0.02 மி.மீ. வரை.
ஜாப் செட்டிங், சாஃப்ட் ஜா போரிங், டூல் ஆஃப்செட், இன்சர்ட் மாற்றுதல் தனியாகச் செய்வேன். டிராயிங் பார்க்கத் தெரியும்.
வெர்னியர், மைக்ரோமீட்டர், போர் கேஜ்.'

அரைப் பக்கம் போதும். செய்யாததை எழுதிவிடாதீர்கள், ஏனென்றால் அங்கே மெஷின் முன்னால் நிறுத்திக் கேட்பார்கள். 'புரோகிராமிங் தெரியும்' என்று போட்டால் ஒரு டிராயிங்கைக் கொடுத்து ஜி71 என்ற கடைசல் கட்டளையை எழுதச் சொல்வார்கள். செட்டிங் தெரியும் என்றால், 'வெளிவிட்டம் 0.05 கூடிப்போச்சு, எக்ஸ் வேர் ஆஃப்செட்டில் என்ன போடுவே?' என்பார்கள். வேர் ஆஃப்செட் என்பது டூல் தேய்மானத்தைச் சரிக்கட்டும் திருத்த எண். மெஷின் விட்டக் கணக்கில் ஓடினால் முழு 0.05-ஐயும் கழிக்க வேண்டும். பாதியா முழுசா என்று யோசித்து நின்றால் அங்கேயே தெரிந்துவிடும், அது லோடிங் கை என்று.

அனுபவச் சான்றிதழ் தரமாட்டேன் என்று இப்போதைய முதலாளி சொன்னால் பிஎஃப் பாஸ்புக் எடுத்து வையுங்கள். எந்த மாதம் சேர்ந்தீர்கள், எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது தாளை போட்டோ எடுத்து அனுப்பாமல் பிடிஎஃபை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க.

பி.காம். படித்து 2014 முதல் 2019 வரை ஜவுளி நிறுவனம் ஒன்றில் அக்கவுண்டன்டாக இருந்தேன். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். இந்த இடைவெளியை மறைக்க வழி உண்டா? வருடம் போடாமல் எழுதலாம் என்கிறாள் தோழி. – வாசகி, ஈரோடு

வருடம் இல்லாத ரெசுமேயைப் பார்த்ததும் முதல் கேள்வியே வருடம் பற்றித்தான் வரும். '2019 முதல்: குழந்தை வளர்ப்பு' என்று ஒரே வரி எழுதிவிட்டு மேலே போங்கள். விளக்கம், வருத்தம் எதுவும் வேண்டாம்.

கணக்கு வேலையில் இடைவெளி என்றால் முதலாளி பயப்படுவது வேறு விஷயத்துக்கு: இடையில் மாறியதெல்லாம் இவருக்குத் தெரியுமா? உங்கள் ரெசுமேயில் டாலி ஈஆர்பி 9 என்ற கணக்கு மென்பொருள் இருக்கிறது. 2020 இறுதியில் டாலி பிரைம் வந்துவிட்டது. உள்ளே கணக்கு அதேதான், மெனு வேறு, இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். அதே 2020 ஆகஸ்டிலிருந்து ஜிஎஸ்டிஆர்-2பி வந்தது, அதாவது சப்ளையர்கள் நம் பெயரில் ஏற்றிய பில்களை மாதாமாதம் காட்டும் பட்டியல். 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய நிறுவனங்களுக்கு, பில்லை அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ் கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத ஜிஎஸ்டி அடுக்குகள் பெரும்பாலும் போய், பொருள்கள் 5, 18 என்று இடம் மாறிவிட்டன. இவற்றில் முக்கியமாகப் படிக்க வேண்டியது 2பி.

இன்டர்வியூவில் அநேகமாகக் கேட்பார்கள்: 'நம்ம பர்ச்சேஸ் ரெஜிஸ்டருக்கும் 2பி-க்கும் 40,000 ரூபாய் வித்தியாசம் வருது. எங்கே தேடுவீங்க?' சப்ளையர் பில்லை ஏற்றாமல் விட்டிருக்கலாம். 11-ஆம் தேதிக்குப் பிறகு ஏற்றியிருந்தால் அடுத்த மாதத்தில் வந்து நிற்கும். நம் ஜிஎஸ்டி எண்ணுக்குப் பதில் வேறொருவர் எண்ணைப் போட்டு, பில் அவர் கணக்கில் விழுந்திருக்கலாம். நம்மைப் பதிவு இல்லாத வாடிக்கையாளர் என்று காட்டியிருக்கலாம். இந்த நான்கையும் வரிசையாகச் சொன்னால் ஆறு வருட இடைவெளி யார் நினைவிலும் இருக்காது.

இன்னொன்று. மாதம் 20-ஆம் தேதி 3பி என்ற ஜிஎஸ்டி படிவத் தாக்கல் நெருங்கும்போது ஆடிட்டர் அலுவலகங்களில் கை போதாது. அரை நாள் வேலையாக மூன்று மாதம் சேருங்கள், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் ரெசுமேயின் முதல் வரி 2019-லிருந்து இந்த வருடத்துக்கு வந்துவிடும்.

போட்டோ ஒட்ட வேண்டுமா? – வாசகர், கரூர்

வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் ஐ.டி. வேலைக்கும் வேண்டாம். ஹோட்டல், ஷோரூம், விமானப் பணி, வளைகுடா வேலைகளுக்குக் கேட்டால் வையுங்கள். செல்ஃபியை வெட்டி ஒட்டாதீர்கள்.

பி.எஸ்சி. கணிதம் முடித்து நான்கு வருடம் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தேன். குரூப் 2 மெயின்ஸ் வரை போனேன், கிடைக்கவில்லை. வயது 27. மாமா கடையில் வேலை பார்த்ததாகப் போட்டுவிடலாம் என்கிறார்கள் வீட்டில். – வாசகர், தென்காசி

மாமா கடை வேண்டாம். சம்பளச் சீட்டு எங்கே, வங்கிக் கணக்கில் வரவு எங்கே என்று சரிபார்ப்பில் கேட்டால் மாமாவும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்.

தமிழ்நாட்டில் எச்.ஆர். வேலையில் இருக்கும் யாருக்கும் டிஎன்பிஎஸ்சி இடைவெளி புதிதில்லை. 'போட்டித் தேர்வுத் தயாரிப்பு. குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றேன்' என்று ஆண்டோடு எழுதுங்கள். முதல் நிலையைத் தாண்டியது ஒரு தகுதிதான். அவர்களுடைய கவலை, அடுத்த நோட்டிஃபிகேஷன் வந்ததும் லீவு கேட்பீர்களா, ஓடிவிடுவீர்களா என்பதுதான். அதற்குப் பதிலை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். 'வேலை பார்த்துக்கொண்டே எழுதுவேன், இனி முழுநேரமாகப் படிக்கப்போவதில்லை' என்பது ஏற்கக்கூடிய பதில்.

உங்களிடம் இருந்தும் ரெசுமேயில் இல்லாத இரண்டு: டைப்ரைட்டிங் ஹையர், அதாவது நிமிடத்துக்கு 45 சொல், அலுவலகத் தானியங்கிக்கான சி.ஓ.ஏ. சான்றிதழ். அரசு வேலைக்கு மட்டும் என்று நினைத்து விட்டுவிட்டீர்கள். டாக்குமென்டேஷன், பேக் ஆபீஸ் வேலைகளில் அதற்கு மதிப்புண்டு. தனியார் வங்கிகளும் ஐ.டி. சேவை நிறுவனங்களும் முதல் சுற்றில் வைக்கும் ஆப்டிட்யூட் தேர்வு நீங்கள் நான்கு வருடம் மென்று தின்ற பாடம். அந்தச் சுற்றோடு ஆளெடுக்கும் இடங்களாகப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்குப் பின்னால் 'எஸ்' என்ற இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. பான் கார்டில் அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டது. ரெசுமேயில் எதைப் போடுவது? – வாசகி, நாகர்கோவில்

இனிஷியல் வைத்திருக்கும் ஊரில் எல்லோருக்கும் உள்ள தலைவலி. ரெசுமேயில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே போடுங்கள். மற்ற படிப்புச் சான்றிதழ்களும் அதையொட்டியே இருக்கும். ஆனால் வேலைக்குச் சேரும்போது பிஎஃப் கணக்கு ஆதாரோடு இணையும், அங்கே ஆதார்ப் பெயர்தான் செல்லும். ஆதாரும் பானும் ஒத்துப்போகும்படி இப்போதே திருத்திவிடுங்கள். சேர்ந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால் வீண் அலைச்சல் வரலாம்.

வெளிநாட்டு யோசனை இருந்தால் பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர்ப் பகுதியில் அப்பா பெயரைப் போடுங்கள். அந்தப் பகுதியைக் காலியாக விட்டவர்கள் 2022 நவம்பரில் சிரமப்பட்டார்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அப்போது விதித்தது.

வருடம் 3.6 லட்சம் என்று ஆஃபர் லெட்டர். மாதம் 30,000 வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கைக்கு வந்தது 22,600 சொச்சம். ஏமாற்றிவிட்டார்களா? – வாசகர், சென்னை

அநேகமாக இல்லை. அந்த 3.6 லட்சம் சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் மொத்தம். உங்கள் லெட்டரில் உள்ளபடி மாதக் கணக்கு: 30,000-இல் 10 சதவீதம், அதாவது 3,000, வேரியபிள், ஆண்டு முடிவில் வரலாம், குறையலாம். அடிப்படைச் சம்பளம் 15,000. அதில் 12 சதவீதம் முதலாளி பங்கு பிஎஃப், 1,800. பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 721. அது பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும். இவை போக 24,479. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 1,800 கழிந்தால் 22,679. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை தனி.

அடுத்த முறை 'சரி' சொல்வதற்கு முன்பே கேளுங்கள்: ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எப்போது, முதலாளி பங்கு பிஎஃப் இந்தத் தொகைக்கு உள்ளேயா வெளியேயா? இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

துபாயில் வெல்டர் வேலை, ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். 'விசிட்டில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்கிறார். போகலாமா? நான் எட்டாவது வரை. – வாசகர், ராமநாதபுரம்

வேண்டாம். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய உரிம எண்ணைப் போட்டுப் பாருங்கள். 'நான் சப்-ஏஜென்ட்' என்றால் அப்படி ஒரு பதவி சட்டத்தில் கிடையாது. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. ரசீது தர வேண்டும். பத்தாவது முடிக்காதவர் பாஸ்போர்ட் ஈசிஆர் வகை. ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் வரும்: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், 10 லட்சம் பாதுகாப்பு. விசிட்டில் போனால் இரண்டும் இல்லை. அங்கே வேலை செய்வதும் குற்றம். 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப்போய் மியான்மரில் அடைத்துவைக்கப்பட்டவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

ஏற்கெனவே ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால், வெட்கப்பட்டு உட்காராமல் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்கினால்தான் உண்டு.

ஒரு கம்பெனியில் ஐந்து மாதம்தான் இருந்தேன். ரெசுமேயில் விட்டுவிடலாமா? – வாசகி, ஓசூர்

பிஎஃப் பிடித்திருந்தால் விடாதீர்கள். யூஏஎன் என்ற பிஎஃப் அடையாள எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 'ஐந்து மாதம், இரவு ஷிப்ட் மட்டுமே என்பதால் விலகினேன்' என்று கேட்டால் சொல்லுங்கள். பழைய நிறுவனம் வெளியேறிய தேதியைப் போடாமல் வைத்திருந்தால், கடைசி பிஎஃப் தொகை செலுத்தி இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். போடாவிட்டால் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்வதுபோல் தெரியும்.

சாட்ஜிபிடியில் எழுதி வாங்கலாமா? – வாசகர், வேலூர்

இலக்கணம் திருத்த வாங்குங்கள். உங்கள் வேலையை அது பார்த்ததில்லை. எண்களைக் கற்பனையாகப் போட்டுவிடும். 'செயல்திறனை 35 சதவீதம் உயர்த்தினேன்' என்ற வரி உங்கள் தாளில் இருக்கிறது. எதன் செயல்திறன், எப்படி அளந்தீர்கள்?

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை இன்னும் புதுப்பிக்க வேண்டுமா? – வாசகி, விழுப்புரம்

மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான், இணையத்திலேயே முடியும், செய்துவிடுங்கள். பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை இல்லாத, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அது பஸ் செலவுக்குத்தான் ஆகும். அதைவிடப் பயன், அந்த அலுவலகம் நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமும் போட்டித் தேர்வுகளுக்குச் சொல்லித்தரும் தன்னார்வப் பயிலும் வட்டமும். முகாமுக்குப் போனால் பத்து நகல் எடுத்துப் போங்கள், ஒரிஜினல் சான்றிதழை எவரிடமும் விட்டு வராதீர்கள்.

இரண்டு இடத்தில் 'போன் பண்ணினோம், எடுக்கவில்லை' என்கிறார்கள். தெரியாத நம்பர் என்றால் நான் எடுப்பதில்லை. – வாசகர், திருப்பூர்

வேலை தேடும் வரை எடுங்கள். மதியம் சாப்பாட்டு நேரத்திலும் மாலை ஐந்துக்கு மேலும்தான் பல எச்.ஆர். ஆட்கள் கூப்பிடுவார்கள். காலர் டியூனையும் எடுத்துவிடுங்கள். அப்படியே நண்பர் ஒருவரின் ட்ரூகாலரில் உங்கள் பெயர் என்னவென்று வருகிறது எனப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் பதில் எழுத நாங்கள் கூப்பிட்டபோது 'மாஸ் மச்சி தி கிங்' என்று வந்தது.